கடலோர ஊரில் பெண் இயக்குநர்களின் படங்களைத் திரையிடுவது எப்படி: இராமநாதபுரம் கரைக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபத்துக்கு மேற்கே ஒரு மீனவர் குடியிருப்பில் நாங்கள் முதன்முதலாகத் திரை கட்டிய மாலையில், ஒரு பெண் இயக்குநரின் படத்தைப் பார்க்க ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் வந்திருந்தார்கள். நாற்காலிகளில் ஆண்கள் முன்கூட்டியே அமர்ந்துவிட்டதால், பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு பின்னால் நின்றபடியே படத்தைப் பார்த்தார்கள். படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தெருமுனையிலிருந்து ஒரு சிறுமி "தண்ணி வந்துருச்சு" என்று கூவினாள். ஐந்தே நிமிடத்தில் பின்பக்கம் முழுவதும் காலியாகி, குழாயடியில் குடங்களின் சத்தம் கேட்கத் தொடங்கியது. படம் முடிந்து இயக்குநர் பேச எழுந்தபோது அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஆண்களும் சிறுவர்களும் மட்டுமே.

அந்தத் தவறு முழுக்க எங்களுடையது. எந்தப் படம், எந்த இயக்குநர், எந்தப் புரொஜெக்டர் என்று மூன்று வாரம் யோசித்த நாங்கள், அந்தத் தெருவுக்குக் குடிநீர் எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. திரைத்துறைப் பெண்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி என்றால், அந்த ஊரின் பெண்கள் தொடக்கம் முதல் இறுதி வரை உட்கார்ந்து படத்தைப் பார்த்து, படத்தை எடுத்தவரோடு தங்கள் வாயால் பேசிவிட்டுப் போக வேண்டும். பேனரும் பொன்னாடையும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை; இது நடக்காமல் போகக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இதற்காகவே.

முதல் படி: எதைக் கொண்டாடுகிறோம் என்று தெளிவாதல்

பெண்களும் சினிமாவும் என்றவுடன் ஊர்க் கூட்டங்களில் நடிகைகளின் பெயர்களே முதலில் வரும். நடிப்பும் பெரிய கலைதான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர்களின் முகத்தில் ஒரு வியப்பு எழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, 1936இல் தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்ற படமாக எழுதி இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். பி. பானுமதி 1953இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் இயக்கினார். பி. ஆர். விஜயலட்சுமி 1985இல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பெயர் பெற்றார். 2002இல் ரேவதி இயக்கிய முதல் படத்துக்கு ஒளிப்பதிவு ஃபெளசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால். இவர்களின் புகைப்படங்களைத் தாளில் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்டாலே போதும். படம் தொடங்கும்வரை பெண்கள் அவற்றைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனவே நிகழ்ச்சிக்கான அழைப்பில் "பெண்கள் சிறப்புத் திரைப்படம்" என்று பொதுவாகப் போடாமல், "இந்தப் படத்தை எழுதி இயக்கியவர் ஒரு பெண், அவர் நம் ஊருக்கு வருகிறார், எப்படி எடுத்தார் என்று நாம் கேட்கலாம்" என்று எழுதுங்கள். நோட்டீசை விட வாய்வழிச் சொல்லுக்கு இங்கே வேகம் அதிகம்; கருவாடு காயப்போடும் இடத்திலும், நண்டு கம்பெனி வாசலிலும், ரேஷன் கடை வரிசையிலும் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: ஊரிடம் கேட்பது

இந்தக் கரையில் ஊர் என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. தங்கச்சிமடத்தில் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பார்க்க வேண்டும். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ ஜமாத்தைப் பார்க்க வேண்டும். மற்ற மீனவர் குடியிருப்புகளில் ஊர்த் தலைவரைப் பார்க்க வேண்டும். இவர்களைப் பார்க்கும் முன்பே மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். "எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள்" என்று அவர்களே உடன் வந்து சொல்வதற்கும், வெளியூரிலிருந்து வந்த நாம் போய் அனுமதி கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. கீழக்கரைப் பக்கம் வயதில் மூத்த பெண்ணை "லாத்தா" என்று அழைப்பார்கள். அப்படி ஒரு லாத்தா முன்னால் நடந்தால், பின்னால் ஒரு தெருவே வரும்.

இடத்தைப் பொறுத்தவரை, கடற்கரை மணல் அழகாக இருந்தாலும் என்னுடைய முதல் தேர்வு அது அல்ல. புயல் காப்பகம், மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூட வளாகம், தேவாலயத்தை ஒட்டிய கூடம் ஆகியவற்றுக்குச் சுவரும் கூரையும் உண்டு, காற்று தடுக்கப்படும், அருகில் கழிப்பறை இருக்கும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லாத இடத்தை எவ்வளவு வசதி இருந்தாலும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டிய ஒரு பெண் முதலில் யோசிப்பது அதைத்தான். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டார். ஏலக்கூடத்தைத் தேர்ந்தால், காலையிலேயே தரையைக் கழுவிக் காயவிட்டுப் பாய் விரிக்க வேண்டும்.

தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரில் படம் காட்டலாம் என்ற எண்ணம் வெளியூர் நண்பர்களுக்கு அடிக்கடி வரும். இருட்டிய பிறகு அங்கே வெளியார் தங்க அனுமதி இல்லை. அது மட்டுமன்றி, ஆண்டின் முதல் மாதங்களில் கடலாமைகள் அந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறும். மணற்கரையில் எங்கே திரை கட்டினாலும், புரொஜெக்டரின் ஒளியும் மின்விளக்குகளும் கடலை நோக்கி விழாமல் நிலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: நாள் குறித்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மார்ச் 8 மகளிர் தினம் என்பதால் பலரும் அந்த நாளையே கேட்பார்கள். மார்ச்சில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வுகள் நடக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் தாய் வர மாட்டார், ஒலிபெருக்கிக்கும் எதிர்ப்பு வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஆண்டின் நடுவில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லாரும் ஓய்வாக இருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த நாட்களில் வீட்டில் வருமானம் குறைந்து, செலவைச் சமாளிக்கும் சுமை பெண்கள் தலையில் விழும். ஆண்கள் கரையிலேயே இருப்பதால் நாற்காலிகளும் அவர்கள் வசமாகிவிடும். தடைக்காலத்தில் நடத்தியே ஆக வேண்டுமென்றால், பெண்களுக்கு மட்டும் பிற்பகல் 3 மணிக்கு ஒரு கூடத்துக்குள் முதல் காட்சி, அனைவருக்கும் இரவில் இரண்டாம் காட்சி என்று பிரித்துவிடுங்கள். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் மழை ஓய்ந்து காற்று அடங்கியிருக்கும் என்பதால் எனக்கு அந்த வாரங்களே பிடிக்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். ரமலான் மாதம் ஆண்டுதோறும் சில நாட்கள் முன்னதாகவே வரும், நோன்பு மாதத்தின் மாலைகள் நோன்பு திறப்புக்கும் தொழுகைக்கும் உரியவை. இவ்விரண்டையும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வாரத்துக்குள் வந்தால், இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்பும். படகு போன இரவில் பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். ஆகவே சனிக்கிழமை இரவு வசதியானது. ஆனால் மறுநாள் விடியும் முன்பே இறங்குதுறைக்குப் போய் மீன் தரம் பிரிக்கும் பெண்களும் அவர்களே என்பதால், நிகழ்ச்சி இரவு வெகுநேரம் நீளக் கூடாது.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் வர வேண்டுமென்றால் பிறையையும் பார்க்க வேண்டும். பாம்பன் சின்னப்பாலம், இராமேசுவரம் பக்கத்து ஊர்கள் ஆகியவற்றில் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள், நீரின் ஏற்றவற்றம் அதிகமாக இருக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குப் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க முங்கி எழுந்து வந்த உடம்பு இரவில் படம் பார்க்க உட்காராது. இடைப்பட்ட அஷ்டமி, நவமி நாட்களில் அவர்கள் கரையில் இருப்பார்கள். அதிலும் வளர்பிறை அஷ்டமியில் மாலையிலேயே நிலவு உச்சியில் நின்று திரையை வெளிறச் செய்யும். தேய்பிறை அஷ்டமியிலோ நள்ளிரவை ஒட்டித்தான் நிலவு எழும். படத்துக்குத் தேவையான இருட்டும், பெண்களுக்குத் தேவையான ஓய்வும் ஒரே நாளில் கிடைப்பது அன்றுதான். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பாசி எடுக்கும் அம்மா. நாட்காட்டியைப் பார்க்காமல், விரலை மடக்கி எண்ணியே சொன்னார்.

கடைசியாக, தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் தெருவாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது மாறக்கூடியது என்பதால், இரண்டு நாளுக்கு முன்பு மறுபடியும் கேளுங்கள்.

நான்காம் படி: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு மாலைக்கு ஒரு முழுநீளப் படமோ, இரண்டு குறும்படங்களோடு ஓர் ஆவணப்படமோ போதும். உரையாடலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால், படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பேச்சு அடிபடும். இந்தக் காரணத்துக்காகவே நான் குறும்படங்களின் பக்கம் சாய்வேன். ஹலிதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி' (2019) நான்கு தனிக் கதைகளால் ஆனது; இரண்டு கதைகளுக்குப் பின் நிறுத்தி, தேநீர் கொடுத்து, பேசிவிட்டுத் தொடரலாம். அதில் ஒரு கதைக்குப் பெயரே கடலாமைகளைக் குறிப்பது என்பதால், இந்தக் கரையில் அதற்குத் தனி ஒட்டுதல் கிடைக்கும். மதுமிதாவின் 'கே.டி.' (2019) முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் சேர்ந்து போகும் பயணம். பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்க ஏற்றது. சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' எல்லாரும் அறிந்த படம். அதை இயக்கியவர் பெண் என்பதை அறியாத பலர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதே அதைக் காட்டப் போதுமான காரணம், ஆனால் நீளத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

லட்சுமி ராமகிருஷ்ணனின் 'ஆரோகணம்' (2012) மனநோயால் பாதிக்கப்பட்ட ஒரு தாயின் கதை. ஏர்வாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இதைக் காட்டுவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். 2001இல் அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததன் நினைவு அந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. பார்வையாளர்களில் நோயாளிகளின் உறவினர்கள் இருக்கக்கூடும். மனநல ஆலோசகர் ஒருவர் உடன் இருந்தால் மட்டுமே காட்டுங்கள், இல்லையென்றால் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

லீனா மணிமேகலையின் 'செங்கடல்' (2011) தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கையிலிருந்து வந்த அகதிகளையும் பற்றி இதே மண்ணில் எடுக்கப்பட்டது. முதலில் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் வழியே அனுமதி பெற்றது. கடலுக்குப் போன கணவர் திரும்பாத வீடுகள் இருக்கும் ஊரில் அதை அறிவிப்பின்றிப் போடக் கூடாது. ஊர்ப் பெண்கள் சிலருக்கு முன்கூட்டியே தனியாகப் போட்டுக் காட்டி, "இதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எந்தப் படமாக இருந்தாலும், குழுவில் இரண்டு பேராவது முழுவதும் பார்த்திருக்க வேண்டும். எந்த நிமிடத்தில் வன்முறைக் காட்சி வருகிறது, எங்கே சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, தொடங்கும் முன் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: உரிமையும் அனுமதியும்

ஓ.டி.டி. சந்தா வீட்டில் பார்ப்பதற்கானது. அதை ஊர் நடுவே திரையில் போடுவது உரிமை மீறல். பெண் படைப்பாளிகளைக் கொண்டாடும் நிகழ்ச்சியில் அவர்களுடைய உழைப்பையே கேட்காமல் எடுப்பது என்னால் ஏற்க முடியாத ஒன்று. முழுநீளப் படத்துக்கு உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ, அவரிடமிருந்து வாங்கியவரிடமோ இருக்கும். இயக்குநர் சம்மதித்தாலும் உரிமையாளரின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். குறும்படங்களிலும் ஆவணப்படங்களிலும் இயக்குநரே உரிமையாளராக இருப்பது வழக்கம். கடிதத்தில் நாள், இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா, எத்தனை முறை திரையிடல் ஆகியவற்றைச் சொல்லி, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அனுப்புங்கள்.

1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023இல் வந்த திருத்தத்தால், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கக்கூடிய யு.ஏ. பிரிவு 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வயதுவந்தோருக்கு மட்டுமான 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைப் பிள்ளைகள் ஓடி விளையாடும் திறந்தவெளியில் காட்ட முடியாது. திரையரங்கு அல்லாத இடத்தில் படம் காட்டுவது தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருமா என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. எல்லாக் காகிதங்களின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அன்று மாலை ஒரு பெண் தன்னார்வலரின் கையில் கொடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: திரையும் ஒளியும் ஒலியும்

சுண்ணாம்பு அடித்த வழுவழுப்பான சுவர் கிடைத்தால் திரையே வேண்டாம். துணிதான் என்றால், கடற்காற்று அதைப் படகின் பாய் போல நினைத்துக்கொள்ளும். நான்கு மூலைகளையும் முறுக்கிக் கட்டிய எங்கள் முதல் திரை அரை மணி நேரத்தில் ஓரம் கிழிந்து தொங்கியது. அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வல்லம் என்ற நாட்டுப்படகு ஓட்டிய பெரியவர் ஒருவர், "மேல இறுக்கு, கீழ விட்டுப் பிடி" என்று சொல்லிவிட்டுத் தாமே கட்டிக் காட்டினார். மேல்விளிம்பை வலைக்கயிற்றால் இரண்டு அடிக்கு ஒரு முடிச்சாக இழுத்துக் கட்ட வேண்டும். பக்கங்களையும் கீழ்விளிம்பையும் சைக்கிள் டியூபை வெட்டிய பட்டைகளால் பிணைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது பட்டை நீண்டு கொடுத்து, அடங்கியதும் திரையைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். சவுக்குக் கம்பங்களை இரண்டு அடியாவது மண்ணில் புதைத்து, முன்னும் பின்னும் தாங்கு கயிறு கட்டுங்கள்.

திரை 12 அடி அகலம் என்றால் உயரம் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். பெண்கள் பாயில் அமர்வதால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. சாதாரண புரொஜெக்டருக்கு, திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவு, அதாவது சுமார் 18 அடி தேவை. இருட்டிய பிறகு 3,500 லுமென்ஸ் ஒளி இந்த அளவுக்குப் போதும். பிப்ரவரியில் சூரியன் மறைவது சுமார் 6.20 மணிக்கு, 6.50க்கு முன் தொடங்கினால் படம் வெளிறித் தெரியும். மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் பத்து மீட்டருக்கு மேல் நீண்டால் படம் விட்டுவிட்டு வரக்கூடும் என்பதால், மடிக்கணினியைப் புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒலிக்கு மட்டும் நீளமான கேபிளை இழுங்கள்.

மின்சாரம் போவது பற்றிக் கவலைப்படுவதை விட, போனால் என்ன செய்வது என்று தீர்மானித்து வைப்பது மேல். விளக்கு வகைப் புரொஜெக்டர் திடீரென்று அணைந்தால் அதன் விசிறியும் நின்று விளக்கு சூட்டில் கெடும், சிறிய யு.பி.எஸ். ஒன்று அதைக் காக்கும். ஜெனரேட்டரைக் காற்று வீசும் திசைக்கு அப்பால், ஒரு கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள். உப்புக்காற்று லென்சில் படிந்து படத்தை மங்கலாக்கும். ஆகவே கடைசி நேரம்வரை கருவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

ஒலியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அலைச் சத்தத்தோடு போட்டியிட முன்னால் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், முன்வரிசைக்கு காது வலிக்கும், பின்வரிசைக்கு வசனம் புரியாது. பெட்டிகளைத் தாங்கிகளில் காதளவு உயரத்தில் நிறுத்தி, பாதித் தொலைவில் இன்னும் இரண்டை மெல்லிய சத்தத்தில் வையுங்கள். பின்னால் உட்கார்ந்து வசனத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டியவர் ஒலி அமைப்பாளர் அல்ல, வயதான ஓர் அம்மா.

வேற்றுமொழிப் படம் என்றால் துணைத்தலைப்பை நம்பாதீர்கள். விரைவாக வாசிக்க முடியாத பல பெண்கள் அதனாலேயே பாதியில் எழுந்து போவார்கள். வசனங்களைத் தமிழில் எழுதி, தெளிவான குரலுள்ள உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருவரை இரண்டு முறை ஒத்திகை பார்க்க வைத்து, தனி மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் இதைச் செய்த இரவில், படத்தைவிட அந்தப் பெண்ணின் வாசிப்பையே ஊர் ஒரு வாரம் பேசியது.

ஏழாம் படி: படைப்பாளியை அழைத்தல்

சென்னையிலிருந்து இராமேசுவரத்துக்கு இரவு ரயில்கள் உண்டு. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில்கள் மீண்டும் தீவுக்குள் வருகின்றன. விருந்தினரை ஒரு நாள் முன்பே வரச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு, இரண்டு பெண்களின் பெயரைத் தெரிந்துகொண்டு வருபவர் மறுநாள் மேடைப் பேச்சு பேச மாட்டார். பயணச் செலவும் தங்கும் இடமும் மட்டுமல்லாமல், சன்மானமும் கொடுங்கள். "நல்ல காரியத்துக்குத்தானே" என்று பெண் கலைஞர்களிடம் மட்டும் இலவசமாக நேரம் கேட்கும் பழக்கத்தை நாமாவது நிறுத்த வேண்டும். உரையாடலை நடத்தும் உள்ளூர்ப் பெண்ணுக்கும், சமைப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் கூலி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே வரவு செலவில் எழுதிவிடுங்கள். இயக்குநர் கிடைக்கவில்லையென்றால் படத்தொகுப்பாளரையோ, ஒலிப்பதிவாளரையோ, உடை வடிவமைப்பாளரையோ அழையுங்கள். கைத்தொழில் பற்றிய பேச்சு அவர்களிடம் இன்னும் நன்றாக வரும்.

எட்டாம் படி: உரையாடல்

முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, பொன்னாடை ஆகிய அனைத்தையும் விட்டுவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் படம் தொடங்கும் முன் பெயரைச் சொல்லி நன்றி கூறினால் போதும். படத்துக்கும் பேச்சுக்கும் நடுவே நான்கு உரைகள் வந்தால், பெண்கள் அடுப்பை நினைத்து எழுந்துவிடுவார்கள்.

விருந்தினரும் அதே பாயில் அமரட்டும். உரையாடலை நடத்துபவர் உள்ளூர் ஆசிரியையாகவோ, செவிலியராகவோ, குழுச் செயலாளராகவோ இருக்கட்டும். படம் முடிந்ததும் உடனே மைக்கை நீட்டினால் யாரும் பேச மாட்டார்கள். சுக்குக் காபி கொடுத்து, பத்து நிமிடம் நான்கைந்து பேராகத் தங்களுக்குள் பேச விடுங்கள். தன்னார்வலர்கள் இடையில் போய் அமர்ந்து, கேள்விகளைக் காதால் வாங்கி எழுதிக்கொள்ளட்டும். பிறகு, "இந்தக் கேள்வி உங்களுடையதுதானே அக்கா, நீங்களே கேளுங்களேன்" என்று சொன்னால், பாதிப் பேர் எழுந்து கேட்பார்கள். மற்றவர்களுக்காக நடத்துபவர் கேட்கலாம். முதல் ஐந்து கேள்விகள் பெண்களுடையவை என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

"பெண்ணாக இருந்து படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம்?" என்ற கேள்வியை நடத்துபவர் தாமாகக் கேட்க வேண்டாம். அதற்கு எல்லாரும் சொல்லும் பதிலே வரும். அதைவிட, அந்தக் காட்சியை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், மழை நிஜமா, அந்த அம்மா நடிகையா ஊர்க்காரரா, அவருக்கு எவ்வளவு சம்பளம், கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனீர்கள் என்று கேட்டால், கஷ்டமும் திறமையும் தாமாகவே வெளியே வரும். பேசப்படும் காட்சியை மூன்று நிமிடம் மறுபடி ஓட்டிக் காட்ட, படத்தின் நேரக் குறிப்புகளை இயக்குநரிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஒரு முறை, கடலுக்கடியில் ஒரு பெண் நீந்தும் காட்சி வரும் குறும்படத்தைக் காட்டினோம். பேச்சு தொடங்கியதும், முன்பு விரல் மடக்கி நாள் சொன்ன அதே அம்மா, "தங்கச்சி, அந்தப் பிள்ள நெசமா முங்கலயே?" என்றார். இயக்குநர் திகைத்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "முங்குன ஆளுக்கு இவ்வளவு நேரம் கழிச்சுக் கன்னம் இப்படி இருக்காது. மூச்சு தீரப்போறப்ப கண்ணுதான் மொதல்ல மேல பாக்கும்" என்றார் அந்த அம்மா. இயக்குநர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தார். அந்தக் காட்சி ஆறு துண்டுகளை ஒட்டியது என்றும், ஒவ்வொரு துண்டிலும் அந்தப் பெண் சில நொடிகளே நீருக்குள் இருந்தார் என்றும் விளக்கிச் சொன்னார். காட்சியை மறுபடி ஓட்டினோம். வெட்டு வரும் இடங்களில் எல்லாம் பெண்கள் "இங்க", "இங்க" என்று விரல் நீட்டினார்கள். படத்தொகுப்பு என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அடுத்த படத்தில் கடல் வந்தால் உங்களிடம் காட்டாமல் எடுக்க மாட்டேன் என்று இயக்குநர் அன்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புகைப்படம் பற்றி ஒரு கண்டிப்பான விதி தேவை. பெண்கள், குறிப்பாக இளம்பெண்கள், தங்கள் முகம் வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ வருவதை விரும்பாமல் இருக்கலாம். அதனால் வீட்டில் அவர்களுக்குச் சிக்கல் வரலாம். திரையை நோக்கிய முதுகுகளை மட்டும் எடுங்கள். முகம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: மறுநாள்

இடத்தைப் பெருக்கி, பாய்களைத் திருப்பிக் கொடுத்து, படத்தின் நகலை உரிமையாளரிடம் சொன்னபடி அழித்துவிட்டு அதை அவருக்குத் தெரிவியுங்கள். எத்தனை பெண்கள் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பெண்கள் கடைசிவரை இருந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள் என்பதையும் எண்ணி, கேட்ட கேள்விகளைப் பெயரில்லாமல் தொகுத்து இயக்குநருக்கு அனுப்புங்கள். பத்து நாட்களுக்குள் குழுப் பெண்களோடு மறுபடி உட்கார்ந்து, அடுத்த படத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். திரைத்துணியை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் உருளையில் சுற்றி வையுங்கள். டியூப் பட்டைகளில் வெடித்தவற்றை அன்றே மாற்றிவிட்டு, அடுத்த தேய்பிறை அஷ்டமி என்றைக்கு வருகிறது என்று பாருங்கள்.